வீட்டுக்கு வெளியே ஓர் அடுப்பு

வெந்நீர் வருகிற குழாயில் விரலை வைத்தால் "ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். திரும்பிப் போகிற குழாயில் "ரெண்டு" வரை தாங்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு, பல் துலக்குவதற்கும் முன்னால், லொரெட்டா லட்வாலா நிலவறையில் நின்று செய்யும் முதல் வேலை இது. இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஒரு வெப்பமானி இருக்கிறது. பழுதில்லாததுதான். ஆனாலும் விரலை வைத்த பிறகுதான் அதை அவள் திரும்பிப் பார்ப்பாள், அதுவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கணக்கைத் திருத்துகிற பார்வையோடு. "அது பொய் சொல்லும்னு சொல்லல. ஆனா தப்பாச் சொன்னா அதுக்கா சுடும்?" என்று கேட்பாள்.

பிறகு கணவன் ரெய்னோவின் பழைய மில் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவாள். வீட்டிலிருந்து எண்பது அடி தள்ளி, ஆவிக் குளியலுக்கான சௌனாக் குடிலையும் தாண்டி, கிழக்கு ஓரத்தில் நிற்கிறது பாய்லர். பார்க்கிறவர்களுக்கு அது புகைபோக்கி முளைத்த தகரக் கொட்டகை. உள்ளே ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு நெருப்புப் பெட்டி, அதைச் சுற்றி ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வரை சூடேறி, மண்ணுக்கடியில் குழாய் வழியாக வீட்டுக்குப் போய், அறை அறையாகச் சுற்றி, வைத்திருந்த சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வரும்.

அவள் கதவை ஒரு விரல்கடை திறந்து பத்து எண்ணுவாள். அதன்பின்தான் முழுவதும் திறப்பாள். முதல் வாரத்தில் எண்ணாமல் திறந்தபோது உள்ளே மூச்சடைத்துக் கிடந்த நெருப்பு குபீரென்று வெளியே வந்து அவளுடைய இடது புருவத்தைக் கொண்டுபோய்விட்டது. அது மறுபடி முளைத்தது, கொஞ்சம் நரையாக. நான்கு மேப்பிள் கட்டைகள், அதற்கு மேல் ஒன்று கிடையாது. "பசிக்குப் போடணும். ஆசைக்குப் போட்டா புகைபோக்கியில தாரு ஊறும்," என்பது அவள் சித்தாந்தம். சாம்பலை வாரி, புகைபோக்கியை இரும்புக் கம்பியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்பதாம் எண் பள்ளிப் பேருந்தைக் கிளப்பப் போய்விடுவாள்.

இருபத்தெட்டு வருடமாக அந்தப் பேருந்தை ஓட்டுகிறாள். ஊர் என்பது அவளுக்கு நாற்பத்தோரு வீடுகள், நாற்பத்தோரு புகைகள். வெள்ளையாகக் கெட்டியாக வந்தால் ஈரமரம். தரையோடு படிந்தால் பனி வரப்போகிறது. புகையே இல்லையென்றால் வீட்டுக்காரன் தூங்கிவிட்டான், பிள்ளை இன்றைக்குத் தலை சீவாமல்தான் ஏறும். ஏறுகிற பிள்ளையிடம் அங்கேயே தீர்ப்பைச் சொல்லி அனுப்புவாள்: "உங்கப்பாட்ட சொல்லு, அந்த பிர்ச்சு வெறகு இன்னும் ஒரு கோடை காயணும்னு." ஒரு தகப்பன் பதிலுக்குச் சீட்டு எழுதிப் பிள்ளையின் மதிய உணவுப் பையில் வைத்தான்: 'எங்க புகைய விட்டுட்டு ரோட்டப் பாத்து ஓட்டு, லொரெட்டா.' அந்தச் சீட்டை அவள் பேருந்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். மறு கோடையில் அவன் பிர்ச்சைக் காயப்போட்டான்.

புகையை இத்தனை படித்தவளுக்குச் சொந்த வீட்டில் புகையே பகையாய்ப் போனது. ரெய்னோ நாற்பது வருடம் மர மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவர். மரத்தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. போன குளிர்காலத்தில் இரண்டு முறை மார்ச்சளி கண்டு மருத்துவமனையில் கிடந்தார். இரண்டாம் முறை டாக்டர் தெளிவாகச் சொன்னார்: வீட்டுக்குள் விறகடுப்பு கூடாது, புகை ஆகாது, குளிரும் ஆகாது. ஆறு மாதம் பனி கிடக்கிற ஊரில் அடுப்பும் இல்லாமல் குளிரும் இல்லாமல் எப்படி இருப்பது என்று டாக்டர் சொல்லவில்லை. காஸ் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டவர்களை லொரெட்டா ஒரே கேள்வியில் அனுப்பிவிட்டாள்: "நாப்பது ஏக்கர் மரத்த நிக்க வச்சுக்கிட்டு, லாரியில காத்த வாங்கச் சொல்றியா?"

மகள் ஜோலீனுக்கு வேறு வழி தோன்றியது. அவள் தெற்கே, பெரிய பாலத்தைத் தாண்டி, நகரத்தில் ஆறாவது மாடியில் குடியிருக்கிறாள். ஏப்ரலில் தொலைபேசியில் பேசினாள்.

"அம்மா, இந்த வருஷம் பனி விழறதுக்கு முன்னாடி அப்பாவ நான் கூட்டிட்டு வந்துடறேன். வசந்தத்துல திரும்பட்டும்."

"இங்க என்ன கொறச்சல்?"

"கொறச்சலா? ரெண்டு தடவ ஆம்புலன்ஸ் வந்தது உனக்கு மறந்துபோச்சா? அடுப்ப அணைச்சாச்சு. அவர எத வச்சு சூடு பண்ணப் போற, போர்வையாலயா?"

பக்கத்தில் நாற்காலியில் இருந்த ரெய்னோவுக்கும் அது கேட்டது. பாலத்துக்குத் தெற்கே, வரைபடத்தில் அதற்குக் கீழே, குடியிருப்பவர்களைப் பாலத்தடிப் பூதங்கள் என்பது இங்கே பழைய கேலி. "நான் பூதமாக மாட்டேன்," என்றார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

லொரெட்டா மகளிடம் தவணை வாங்கினாள். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஜோலீன் குடும்பத்தோடு வருவாள். அன்றைக்கு வீட்டில் எந்த அறையில் நின்றாலும் அவள் கோட்டு போட வேண்டியிருக்கக் கூடாது. வேண்டியிருந்தால் அப்பாவைக் கையோடு அழைத்துப் போகலாம், அம்மா வாய் திறக்க மாட்டாள். "சரி, பேசினது பேசினபடி," என்றாள் ஜோலீன். அவளும் அந்த அம்மாவுக்குப் பிறந்தவள்தானே.

போனால் வசந்தத்தில் திரும்புவார் என்பதை லொரெட்டா நம்பவில்லை. அந்த ஆறாவது மாடியில், பார்க்க ஒரு மரம்கூட இல்லாத ஜன்னலுக்கு முன்னால், மனிதர் முதலில் பேச்சை விடுவார், பிறகு சாப்பாட்டை விடுவார் என்று அவளுக்குப் பயம். நாற்பத்திரண்டு வருடம் கூடவே இருந்தவளுக்கு அது தெரியாதா? பயத்தை யாரிடமும் அவள் சொல்லிக்கொள்ளவில்லை. பாய்லர் தேட ஆரம்பித்தாள்.

புதிதாக வாங்க வழியில்லை. பக்கத்து வட்டாரத்தில் ஒரு பால்பண்ணைக்காரர் மாடுகளை விற்றுவிட்டுப் பழைய பாய்லரையும் விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஜூன் மாதம் போனாள். கூடவே ஓன்னி வந்தார். ஓன்னி ரெய்னோவின் பெரியப்பா மகன். வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பு மூட்டு தேய்ந்தவர். வாய் மட்டும் தேயாதவர். லொரெட்டா வண்டியிலிருந்து இறக்கியவை ஒரு சுத்தியல், நீளமான ரப்பர் குழாய், ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள்.

"ஒரு நாள்கூட ஒழுகினது கெடையாதும்மா," என்றார் பண்ணைக்காரர்.

"சந்தோஷம். அப்ப தண்ணி ஊத்திப் பாக்கறதுல உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"நெறைய மூணு மணி நேரம் ஆகுமே."

"எனக்கு இன்னிக்கு வேற வேல இல்ல."

முதலில் நெருப்புப் பெட்டிக்குள் தவழ்ந்து போய்ச் சுவரைச் சாண் சாணாகத் தட்டிக் கேட்டாள். நல்ல தகடு கணீரென்னும், துரு தின்ற தகடு தொண்டை கட்டினவன் போலப் பேசும். பிறகு உள்ளே செய்தித்தாள்களைப் பரப்பிவிட்டு வெளியே வந்து தண்ணீரைத் திறந்துவிட்டாள். மூன்று மணி நேரம் மூவரும் காப்பி குடித்தார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது காகிதமெல்லாம் காய்ந்திருந்தது, கதவோரத்தில் ஒரு காசளவு ஈரத்தைத் தவிர. பண்ணைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. நல்ல மனிதர், அவருக்கே தெரியாது. போன வருடம் தண்ணீரை வடித்துவிட்டு வெறுமனே போட்டு வைத்திருக்கிறார். நிறைத்து வைத்தால் துருப்பிடிக்கும் என்று நினைத்தாராம். காலியாக வைத்தால்தான் துருப்பிடிக்கும். விலை பாதியானது. மூன்றாம் நாள் ஓன்னி அந்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைக்க உள்ளே நுழைந்தார். நுழைந்தது சுலபமாகத்தான் நடந்தது. வெளியே எடுக்க இரண்டு பேர் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

முக்கால் டன் இரும்பை இழுவண்டியில் ஏற்றி வந்து, மேப்பிள் உருளைகள் மேல் உருட்டி, ஜூலையில் அவளே போட்ட சிமெண்டு மேடையில் நிறுத்தினார்கள். காற்றூதியை முதன்முதலாக முடுக்கியபோது உள்ளேயிருந்து ஒரு எலிக் குடும்பமும் அரை மூட்டை சூரியகாந்தி விதையும் ஓன்னியின் முகத்தில் வந்து விழுந்தன. "பாய்லரோட பாக்கிப் பொருள் எல்லாம் குடுத்தனுப்பிட்டான் மனுஷன்," என்றார் அவர். லொரெட்டா சிரிக்கவில்லை. கதவுக்கு வைக்க வேண்டிய கல்நார்க் கயிற்றை அளந்துகொண்டிருந்தாள். கயிறு ஒரு நூல் குறைந்தாலும் காற்று புகுந்து விறகைத் தின்றுவிடும். தண்ணீரில் துரு மருந்து கலந்து, மாதம் ஒரு முறை சோதனைக் காகிதத்தை நனைத்துப் பார்க்கிறாள். அதைச் செய்கிற நாளைச் சமையலறை நாட்காட்டியில் பேரன் பேத்தி பிறந்தநாளுக்கு மேலேயே எழுதி வைத்திருக்கிறாள்.

குழாய் பதிக்கிற இடத்தில்தான் அவளும் ஓன்னியும் சண்டை போட்டார்கள். ஓன்னி நேர்கோட்டில் வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னார். லொரெட்டா முதலில் சௌனாவுக்குள் போய், உடைமாற்றும் அறையைச் சூடாக்கி, பிறகுதான் வீட்டுக்கு என்றாள். சனிக்கிழமை மாலை சௌனாவில் ஆவி பிடித்துக் குளிக்காவிட்டால் ரெய்னோவுக்கு அந்த வாரமே கணக்கில் சேராது. மேல்படியில் உட்கார்ந்த காலம் போய்விட்டது. இப்போது கீழ்ப்படியில் பத்து நிமிடம், அவ்வளவுதான். குளித்துவிட்டு வந்து உடை மாற்றும்போது குளிர் தாக்கித்தான் போன வருடம் சளி பிடித்தது என்பது அவள் கட்சி. உடும்புப் பிடி. ஓன்னி விட்டுக்கொடுத்தார். ஆகஸ்டில் லைல் கார்ப்பெலா என்ற அண்டை வீட்டுக்காரன் மண்வாரி இயந்திரத்தோடு வந்து ஒரே மதியத்தில் மூன்றடி ஆழக் கால்வாய் வெட்டினான். இரண்டு குழாய்கள், சுற்றிலும் நுரைப்போர்வை, அதற்கு மேல் கறுப்பு உறை. சௌனாவின் பக்கத்தில் உறையை இணைத்து நாடா சுற்றி மண்ணை மூடினார்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் நெருப்பு மூட்டினாள். தண்ணீர் நூற்றெண்பது டிகிரி, காய்ச்சல் பார்க்கிற அதே கணக்கில். வீடு எழுபது. ரெய்னோ கம்பளிக் காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சமையலறைக்கு வந்து நின்றார். லொரெட்டாவுக்கு அன்றைக்கு அழுகை வந்தது. அழுதாள், ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே.

சாண் ஏறினால் முழம் சறுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு அறுபத்திரண்டுக்கு இறங்கியது. திங்களன்றும் அப்படியே. செவ்வாயன்று தானாகவே எழுபதுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி அறுபத்தொன்று. பாய்லரில் நூற்றெண்பது இருக்கிறது, வீட்டுக்கு வந்து சேரும்போது நூற்று நாற்பதுகூட இல்லை. விரலை வைத்து "அஞ்சு" வரை எண்ணினாள். விறகை மாற்றினாள், பம்பைக் கழற்றிக் கழுவி மாட்டினாள், காற்றை வடித்தாள். மூன்றாவது ஞாயிறும் அதே கதை.

"உன் பாய்லரு பக்தியான பாய்லரு," என்றார் ஓன்னி, சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்து நேராகக் காப்பிக்கு வந்தவர். "ஓய்வுநாள்ல வேல செய்யாது. நல்ல லூத்தரன் சபை வீட்டுல வளந்திருக்கு."

"திங்கக்கெழமையும்தான் செய்யல. அதுக்கு என்னய்யா சொல்ற?"

"அப்ப குடிச்சிருக்கும்."

ரெய்னோவுக்கு இருமல் ஆரம்பித்திருந்தது. அந்த வாரம் ஜோலீன் தொலைபேசியில் அப்பாவிடம் கொடு என்றாள். அவர் குளித்துக்கொண்டிருக்கிறார் என்று லொரெட்டா சொன்னாள். ரெய்னோ அப்போது மூன்றடி தள்ளி இருமலை அடக்கிக்கொண்டு முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். வைத்த பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நவம்பர் பதினாலு, ஞாயிறு. இரவு முழுதும் பனி கொட்டி விடிந்திருந்தது. மறுநாள் மான்வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அந்த நாளுக்குப் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. ஊரில் துப்பாக்கி தூக்க முடிந்தவர்களெல்லாம் சனிக்கிழமையே காட்டுக் கொட்டகைகளுக்குப் போய்விட்டார்கள். இடுப்பைச் சபித்துக்கொண்டு ஓன்னி மட்டும் லொரெட்டாவின் சமையலறையில் இருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"அடப் பாவிகளா! ஊர்ப்பட்டவன் எல்லாம் மானத் தேடி முப்பது மைல் போயிருக்கான். இங்க பாரு கூத்த."

சௌனாவுக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு பெண் மான்கள் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. முழங்கால் பனியில் அந்த ஓர் இடத்தில் மட்டும், ஒரு கட்டில் அகலத்துக்கு, பனி உருகிப் பச்சைப் புல் தெரிந்தது. அதிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

லொரெட்டா மானைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது புல்லை. "என் சூடு, ஓன்னி," என்றாள். "அங்க போய்க்கிட்டு இருக்கு என் சூடு."

ஓன்னி அவளை நிதானப்படுத்தப் பார்த்தார். "லைல் வரட்டும். ரெண்டு வாரத்துல காட்ட விட்டு வந்துருவான். மண்வாரிய வச்சு ஒரு மணி நேரம்."

"தேங்க்ஸ்கிவிங்குக்குப் பதினோரு நாள்தான் இருக்கு."

"போன் பண்ணிப் பாரு."

"அந்தக் காட்டுல போன் எங்க கெடைக்கும்? கெடைச்சாலும், பருவம் தொடங்கற நாள்ல மானுக்காக மரத்து மேல காத்து உக்காந்திருக்கற ஒருத்தன எறங்கி வான்னு கூப்பிடுவியா நீ?"

அப்படிக் கூப்பிட்டவளை ஊர் மூன்று தலைமுறைக்கு மறக்காது.

திங்கள் காலை, தூரத்தில் முதல் வேட்டுச் சத்தம் கேட்கும்போது அவள் மண்வெட்டியோடு நின்றாள். பாய்லரிலிருந்து போகும் குழாய்களின் அடைப்பான்களை மூடிவிட்டாள். குழாயைத் தோண்டியெடுத்து வேலை முடிக்கும்வரை வீட்டுக்குச் சூடு கிடையாது. ரெய்னோவை மூன்று போர்வைகளோடு சமையலறை ஜன்னலோரம் உட்கார்த்தி, பக்கத்தில் காப்பிக் குடுவையை வைத்தாள். அறுபத்து மூன்று வயதில் மூன்றடி ஆழம், எட்டடி நீளம். சூடு கசிந்த இடமாதலால் மண் இளகிச் சேறாகியிருந்தது. அந்த மட்டில் பிழையே அவளுக்கு உதவி செய்தது. ஓன்னி கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து யோசனை சொன்னார்.

"கொஞ்சம் எடது பக்கம் வெட்டு."

"நீ வெட்டறியா?"

"இல்ல, சொன்னேன்."

"சொல்லாத."

பத்து மணிக்கு வீட்டுக்குள் ஐம்பத்தெட்டு. ஜன்னல் கண்ணாடி வழியாக ரெய்னோவின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. இருமல் சத்தம் வெளியே வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. லொரெட்டா மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். இவர் நெஞ்சை நானே கெடுத்துக்கொண்டிருக்கிறேனோ என்ற பயம் அப்போதுதான் முழுதாக வந்து அவளைப் பிடித்தது. ஜோலீன் சொன்னதுதான் சரியோ? வீம்புக்குப் பெயர் அக்கறை என்று வைத்துக்கொண்டோமோ?

"ரெய்னோ, ஜோலீனுக்கு போன் போடறேன். வேணாம் இந்த வெளையாட்டு."

அவர் இருமி முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு ஜன்னலைக் காட்டினார். "குழி பாதியில நிக்குது," என்றார். "அத முடி மொதல்ல."

பதினோரு மணிக்குக் கறுப்பு உறை கிடைத்தது. இணைப்பில் சுற்றியிருந்த நாடா விலகிக் கிடந்தது. கத்தியால் கீறினாள், வெந்நீர் போலத் தண்ணீர் பீறிட்டது. நுரைப்போர்வை ஊறிக் கஞ்சியாகியிருந்தது. தன் குழாய்தான் உடைந்துவிட்டதோ என்று நெடுகத் தடவிப் பார்த்தாள். ஆனால் குழாய் உடையவில்லை, அதில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியானால் இது எங்கேயிருந்து வந்த தண்ணீர்? ஒரு பிடி சேற்றை அள்ளி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். கையை ஓன்னியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்ன வாசன இது?"

ஓன்னி முகர்ந்துவிட்டு விழித்தார். "தாரு சோப்பு. நம்ம சௌனா சோப்பு."

சௌனாவை ரெய்னோவின் அப்பா கட்டி எண்பது வருடத்துக்கு மேலாகிறது. குளித்த தண்ணீர் தரையில் ஒரு துவாரம் வழியாகப் போகும். எங்கே போகிறது என்று இத்தனை காலத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. போகிறது, அவ்வளவுதான். வீட்டுப் பக்கமாக மண்ணுக்குள் ஒரு சரளைக் குழி இருந்திருக்கிறது, அதற்குக் குறுக்கே அவள் கால்வாய் வெட்டியிருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ரெய்னோவின் உடம்புக்காகச் சௌனா மூட்டி, அந்தத் தண்ணீராலேயே அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சூட்டை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எண்பது வருஷமா லட்வாலா பரம்பர கழுவி ஊத்தின அழுக்கு," என்றார் ஓன்னி பயபக்தியோடு. "எங்க தாத்தா முதுகு அழுக்கும் இதுல இருக்கும்."

இந்த முறை லொரெட்டா சிரித்தாள். குழிக்குள் சேற்றில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

பிறகு வேலையில் இறங்கினாள். ஊறியதையெல்லாம் வெட்டி எறிந்து, குழாயைத் துணியால் துடைத்து, சௌனாவின் உடைமாற்றும் அறையில் மிச்சமிருந்த காய்ந்த நுரையைச் சுற்றினாள். உறையின் இணைப்பை மண்ணுக்குள் வைக்கவே இல்லை. ஒரே துண்டாகச் சௌனாவுக்குள் கொண்டுபோய்த் தரைக்கு மேலே முடித்தாள். பேருந்துச் சக்கரத்துப் பழைய ரப்பர்க் குழாயை வெட்டிப் பட்டைபோல இறுக்கினாள். சௌனாத் தண்ணீரை வடக்குச் சரிவுக்குத் திருப்ப வேண்டும். அங்கே நடந்து நடந்து இறுகிய தடத்தில் மண் கையளவு உறைந்து கல்லாகியிருந்தது. பாய்லரிலிருந்து தணலை வாரி அந்தத் தடத்தில் வரிசையாகக் கொட்டி, மேலே கூரைத் தகரத்தைக் கவிழ்த்தாள். குளிர்காலத்தில் சவக்குழி வெட்டுகிறவர்கள் செய்கிற வழி. ஓன்னி தொப்பியைக் கழற்றினார். "போட்டுக்கோய்யா, யாரும் சாகல," என்றாள் அவள். ஒன்றரை மணி நேரத்தில் மண் இளகியது. வாய்க்கால் வெட்டி, தண்ணீர் போகும் வழியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

மூன்று மணிக்கு அடைப்பான்களைத் திறந்தாள். சேற்றோடு குழியோரம் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ரெய்னோ ஜன்னல் கண்ணாடியை இரண்டு முறை தட்டினார். சூடு வந்துவிட்டது.

"இந்த வாரம் சௌனாவ விட்டுடேன்," என்றார் ஓன்னி போகும்போது. "ஜோலீன் வந்துட்டுப் போகட்டும். எதுக்கு வீணா உரசிப் பாக்கற?"

"சௌனா இல்லாம வீடு சூடா இருந்தா அது என்னய்யா வீடு?"

அந்தச் சனிக்கிழமையும் மூட்டினாள். ஞாயிறு காலை எழுபது.

புதன்கிழமை மாலை ஜோலீன் வந்தாள், கணவன், இரண்டு பிள்ளைகள், அப்பாவின் துணிகளுக்காக ஒரு காலிப் பெட்டி சகிதம். பெட்டியைக் கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். லொரெட்டா அதைப் பார்த்தாள். சௌனாவுக்கு நெருப்பு வைத்துவிட்டு, ஓன்னியையும் கூப்பிட்டு, ஆறு பேரையும் குளிக்க வைத்தாள். பிள்ளைகள் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டன. ஓன்னி ஒவ்வொரு வாளிக்கும் அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஊத்துங்கடா, இன்னும் நல்லா ஊத்துங்க," என்றாள் அவள்.

வியாழன் மதியம் விருந்து. வெளியே பாதரசம் பத்துக்கு இறங்கி, மரங்கள் குளிரில் பட் பட்டென்று வெடிக்கிற சத்தம் கேட்டது. ஜோலீன் காலையிலிருந்து கோட்டைப் போட்டுக்கொண்டே வீடு முழுக்க நடந்திருந்தாள்: படுக்கையறை, பின்கட்டு, மாடிப்படி, அலமாரிக்குள்ளேகூட ஒரு தடவை. விருந்துக்காக வேட்டையிலிருந்து முன்கூட்டியே ஊர் திரும்பியிருந்த லைல் ஒரு தொடைக் கறி கொடுத்தனுப்பியிருந்தான். வான்கோழிக்குப் பக்கத்தில் அதுவும் வெந்திருந்தது. மேசைக்கு வரும்போது ஜோலீன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கிழங்கு மசியல் வரும்போது கம்பளிச் சட்டையையும் கழற்றினாள். நெற்றியெல்லாம் வியர்வை. ரெய்னோ எதிரே, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டாவது முறையாகக் கறி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் அவரையே வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில், "அம்மா, அந்த ஜன்னலக் கொஞ்சம் தெறக்கலாமா?" என்று கேட்டாள்.

இந்த ஊரில் அக்டோபரில் எல்லா ஜன்னல்களுக்கும் உள்பக்கமாகப் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டிவிடுவார்கள். மே மாதம் வரை அதில் யாரும் கை வைப்பதில்லை. லொரெட்டாவோ ஓரங்களுக்கு இரண்டு சுற்று நாடா ஒட்டுகிறவள்.

அவள் எழுந்தாள். வான்கோழி அறுத்த கத்தியை எடுத்துத் துண்டில் துடைத்தாள். ஜன்னலுக்குப் போய், இறுகி நின்ற தாளை மேலிருந்து கீழே ஒரே கிழியாகக் கிழித்து, கீழ்ச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசி வரை தூக்கித் திறந்துவிட்டாள்.